விடையைக் கொடுப்பது ஸதகா அன்று



அன்பிற்குரிய பெற்றோரே, நம் மஹல்லாக்களில் அண்மைக் காலமாக ஒரு புதுவகைக் கொடை பரவியிருக்கிறது. பதினொன்றாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ படிக்கும் பிள்ளை இயற்பியல் வீட்டுப்பாடக் கணக்கு ஒன்றில் திகைத்து நிற்கிறது. வாப்பா அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து, துபாயிலோ ரியாதிலோ பொறியாளராக இருக்கும் மைத்துனருக்கு அனுப்புகிறார். பத்து நிமிடத்தில் முழு விடையும் ஒரு தாளில் எழுதப்பட்டுத் திரும்பி வருகிறது. ‘ஜஸாக்கல்லாஹு கைரா’ என்று இங்கிருந்து பதில் போகிறது. பிள்ளை அதைப் பார்த்து எழுதிவிட்டு நோட்டை மூடுகிறது. மாமா கிடைக்காத நாளில், படத்தைப் போட்டால் வரிவரியாக விடை தரும் செயலி கிடைக்கிறது. கொடுத்தவருக்கு நன்மை எழுதப்பட்டுவிட்டதாக எண்ணம். வாங்கியவருக்கு வேலை முடிந்துவிட்டதாக எண்ணம்.

இதை ஸதகா என்று சொல்லாதீர்கள் என்பதே என் வாதம். இது பிள்ளையின் கையிலிருந்து ஒன்றைப் பறிப்பது. பறிப்பவர் அன்பினால் பறிக்கிறார் என்பதால் பறிபோவது குறைந்துவிடாது.

கணக்குப் பாடத்தில் ஹஜ்ரத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் இயற்பியல் ஆசிரியன் அல்லன். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்துவிட்டு மத்ரஸாவுக்கு வந்தவன். ஆனால் மக்ரிபுக்குப் பிறகு ஓத வரும் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையோடுதான் வருகிறார்கள். ஓதி முடித்ததும் அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பாய் விரிப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நோட்டுகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மேலும், ஒரு பிள்ளைக்குப் பாடம் எப்படி உள்ளே இறங்குகிறது என்பது என் தொழில் சார்ந்த விஷயம். அலிஃபுக்கும் அல்ஜிப்ராவுக்கும் அதில் பெரிய வேறுபாடு இல்லை.

முதலில் பிள்ளைகளின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ‘பத்தாம் வகுப்பில் நன்றாகத்தானே படித்தாய், இப்போது ஏன் முழிக்கிறாய்? எல்லாம் போனால் வந்த கேடு’ என்று வீடுகளில் ஏசுகிறார்கள். கேடு போனில் மட்டும் இல்லை. 2018-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்புக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. அந்த இயற்பியல் நூலின் முதல் தொகுதியைப் புரட்டிப் பாருங்கள். இரண்டாவது அலகான இயக்கவியலிலேயே வெக்டர்களும் வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் சில பக்கங்களில் வந்துவிடுகின்றன. அதே ஆண்டு வந்த கணித நூலைப் புரட்டுங்கள். வெக்டரும் நுண்கணிதமும் இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. இயற்பியல் ஆசிரியர் பள்ளி திறந்த சில மாதங்களிலேயே கேட்கும் கருவியைக் கணித ஆசிரியர் ஆண்டின் பிற்பாதியில்தான் பிள்ளையின் கையில் கொடுக்கிறார். நடுவில் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? கணிதமே இல்லாமல் தாவரவியலும் விலங்கியலும் உள்ள பிரிவை எடுத்த பிள்ளைக்கோ அந்தச் சில பக்கங்களை விட்டால் வேறு புகலிடமே இல்லை. பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான் நீட் எழுதப் போகிறது. அதன் 720 மதிப்பெண்களில் 180 இயற்பியலுக்கு உரியவை.

ஆகவே பிள்ளை உதவி கேட்பதில் இழிவு ஏதும் இல்லை. கேட்காமல் இருப்பதுதான் குற்றம். இதற்கு ஆதாரமாக நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் ஹதீஸ் ஒன்று உண்டு. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் இடம்பெறுவது. பயணம் ஒன்றில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம் ஏற்படுகிறது. அவருக்குக் குளிப்பு கடமையாகிறது. தயம்மும் செய்துகொள்ளச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களிடம் கேட்கிறார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்கிறார்கள். குளிக்கிறார், இறந்துவிடுகிறார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அறியாமைக்கு மருந்து கேள்வி கேட்பதுதான் என்ற கருத்தை அப்போதுதான் சொன்னார்கள்.

இந்தக் கடைசிப் பகுதியை எடுத்துவைத்து, ‘பிள்ளைகளே, கேளுங்கள்’ என்று பேசிவிட்டு நாம் இறங்கிவிடுகிறோம். நிகழ்ச்சியை மறுபடி பாருங்கள். காயம்பட்டவர் கேட்கத்தானே செய்தார்! கண்டனம் அவர் மீது விழவில்லை. கேட்டவரின் நிலையை அறியாமல், தமக்கே தெளிவில்லாமல், உடனே ஒரு விடையை எடுத்துக் கொடுத்தவர்கள் மீதுதான் விழுந்தது. உதவி என்ற பெயரில் விடையை வீசுகிறவர் இந்த ஹதீஸில் தாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். கணக்குப் பக்கம் வராத தாய்மார்களும் இதைப் படிக்க வேண்டும். கடினமாக ஒன்றும் இல்லை. 25 மீட்டர் உயரமுள்ள ஒரு கட்டடத்தின் விளிம்பிலிருந்து கல் ஒன்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேராக மேல்நோக்கி எறியப்படுகிறது. அது மேலே போய், திரும்பி, கட்டடத்தைக் கடந்து தரையில் விழுகிறது. எத்தனை நொடி ஆகும்? ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

ரியாதிலிருந்து வந்த தாளில் எல்லாம் சரியாக இருக்கிறது. எறிந்த இடத்திலிருந்து கல்லின் உயரம், நேரத்தின் 20 மடங்கிலிருந்து நேரத்தின் வர்க்கத்தின் 5 மடங்கைக் கழித்தால் வருவது. தரை 25 மீட்டர் கீழே இருப்பதால் உயரத்துக்கு −25 என்று இட வேண்டும். ஓர் இருபடிச் சமன்பாடு வருகிறது. அதற்கு 5 என்றும் −1 என்றும் இரண்டு தீர்வுகள். ‘நேரம் குறை எண்ணாக இருக்காது, எனவே விடை 5 நொடி’ என்று முடிகிறது. பிள்ளை அழகான கையெழுத்தில் அதை எழுதியிருக்கிறது. ஆசிரியர் சிவப்பு மையில் சரி போட்டுவிட்டார்.

இப்போது அந்தப் பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். கல் மேலே போய் ஒரு கணம் நிற்கிறதே, அந்த உச்சியில் அதன் வேகம் என்ன? பூச்சியம் என்று சொல்லும், சரி. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? தயங்காமல் ‘அதுவும் பூச்சியம்’ என்று சொல்லும். நான் கேட்டுப் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். நல்ல மதிப்பெண் வாங்குகிறவர்கள் உட்பட. அது பிழை. உச்சியில் வேகமும் இல்லை, வேகத்தை மாற்றும் முடுக்கமும் இல்லை என்றால் அந்தக் கல் அந்தரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். அது கீழே வருகிறது என்பதே முடுக்கம் அங்கும் இருக்கிறது என்பதற்குச் சான்று. நுண்கணிதம் இதைத்தான் தன் மொழியில் சொல்கிறது. உயரம் மாறும் வீதம் வேகம். இங்கே அது 20-லிருந்து நொடிக்குப் பத்துப் பத்தாகக் குறைந்து, இரண்டாவது நொடியில் பூச்சியத்தைத் தொட்டு, அதற்குப் பின் கீழ்நோக்கித் திரும்புகிறது. வேகம் மாறும் வீதம் முடுக்கம். அது தொடக்கம் முதல் முடிவு வரை −10. உச்சி வந்துவிட்டது என்பதற்காக அது ஓய்வெடுப்பதில்லை.

இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு ‘வகைக்கெழு’ என்ற சொல் பயம் தருவதில்லை. புரியாத பிள்ளைக்கு அது ‘அடுக்கை முன்னால் கொண்டு வா, ஒன்றைக் குறை’ என்ற மந்திரம் மட்டுமே. அனுப்பப்பட்ட தாளில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. தாள் சரியானது, பிள்ளையின் தலைக்குள் இருப்பது பிழையானது. மாமாவுக்கு அது தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. தானே முட்டி மோதித் தவறாக எழுதியிருந்தால், அந்தத் தவறு பிள்ளையின் நோய் எங்கே இருக்கிறது என்று நாடியைப் போலக் காட்டியிருக்கும். நாம் அன்பு காட்டி நாடியை மறைத்துவிட்டோம்.

அந்த −1-ஐயும் விட்டுவிடக் கூடாது. நேரம் குறை எண்ணாகாது என்று அடித்துவிடுவதற்கு முன், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டால் அதற்கு நெற்றியில் முத்தமிட வேண்டும். நாம் கடிகாரத்தைத் தொடங்கியது கல் கையை விட்டுப் போன கணத்தில். சமன்பாட்டுக்குக் கட்டடமும் தெரியாது, கையும் தெரியாது. கல்லின் பாதை மட்டும்தான் தெரியும். அந்தப் பாதையைப் பின்னோக்கி நீட்டினால், ஒரு நொடிக்கு முன்னால் தரையிலிருந்து நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் எறியப்பட்ட ஒரு கல்லும் இதே பாதையில்தான் வந்திருக்கும். நம் கேள்விக்கு அது பொருந்தாது என்பதால் விலக்குகிறோம். பொய் என்பதால் அன்று. இதைச் சொல்லிக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். எந்தச் செயலியும் இதைப் பிள்ளை கேட்காமல் சொல்லப் போவதில்லை. பார்த்து எழுதும் பிள்ளை கேட்கப் போவதுமில்லை.

‘என் சகோதரனுக்கு உதவுவது இபாதத் இல்லையா?’ என்று வாதிடுவோருக்குச் சொல்கிறேன். அநீதி இழைக்கப்பட்டவனுக்கு மட்டுமின்றி, அநீதி இழைப்பவனுக்கும் உதவுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது தோழர்கள் வியந்தார்கள். அநீதி இழைப்பவனுக்கு எப்படி உதவுவது? அவனது கையைத் தடுப்பதுதான் அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கம் கிடைத்தது. ஆகவே உதவி என்பது எப்போதும் கொடுப்பதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பார்த்து எழுதும் பிள்ளை தனக்கே அநீதி இழைத்துக்கொள்கிறது. அதன் கையைப் பிடிப்பவரே உதவுபவர்.

எவ்வளவு நேரம் பிடிப்பது? இதற்கும் வழிகாட்டல் நம்மிடமே உண்டு. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள நிகழ்ச்சி அது. ஒருவர் பள்ளிவாசலுக்கு வந்து அவசரமாகத் தொழுதுவிட்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து ஸலாம் சொல்கிறார். திரும்பிப் போய்த் தொழும்படி அவரிடம் சொல்லப்படுகிறது. அவர் தொழுதது தொழுகையாகவில்லை. மறுபடியும் அப்படியே தொழுதுவிட்டு வருகிறார். மறுபடியும் அதே பதில். மூன்று முறை இப்படி நடக்கிறது. இதைவிட நன்றாக எனக்குத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என்று அவர் கேட்ட பிறகுதான் தக்பீர் முதல் ஸஜ்தா வரை ஒவ்வொரு நிலையிலும் அமைதியாக நிற்பதைக் கற்றுக் கொடுத்தார்கள். முதல் முறையிலேயே சொல்லியிருக்க முடியாதா? முடியும். ஆனால் தனக்குத் தெரியாது என்பதை அந்த மனிதர் தாமே கண்டுகொண்ட பிறகு விழுந்த சொல், விழுந்த இடத்தில் வேர்விட்டது. ஏசவில்லை, விரட்டவுமில்லை, ஒவ்வொரு முறையும் ஸலாமுக்குப் பதில் சொன்னார்கள் என்பதையும் கவனியுங்கள். பிள்ளையை மூன்று முறை முயலச் சொல்வது கொடுமை என்று எண்ணும் தாய்மார்களுக்கு இதைவிட மென்மையான முன்மாதிரியை நான் எங்கிருந்து தேடித் தருவேன்?

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதும் அன்று. நாளைய பாடத்தை முந்தின இரவே தானாகப் படித்துப் பார்த்து, எங்கே தடுக்கிறது என்று குறித்துக்கொண்டு வருவதற்கு முதாலஆ என்று பெயர். ஸபக் முடிந்த பின் மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் மற்றவருக்கு அதே பாடத்தைத் திரும்பச் சொல்வதற்குத் தக்ரார் என்று பெயர். முதாலஆ செய்யாமல் கிதாபைத் திறக்கும் மாணவனின் முகத்தைப் பார்த்தே உஸ்தாத் கண்டுபிடித்துவிடுவார். ஹிஃப்ழு ஓதும் பிள்ளை ஒரு வசனத்தில் தடுமாறும்போது நல்ல உஸ்தாத் முழு வசனத்தையும் ஓதிவிடுவதில்லை. அடுத்த சொல்லின் முதல் ஓசையை மட்டும் எடுத்துக் கொடுப்பார். தராவீஹில் இமாம் மறந்தால் பின்னால் நிற்கும் ஹாஃபிழ் விட்டுப்போன சொல்லை எடுத்துக் கொடுக்கிறார். முன்னால் போய் நின்று மீதித் தொழுகையைத் தாமே நடத்துவதில்லை. பல நூறு ஆண்டுகளாக நம் கையில் இருக்கும் இந்த முறை, பிள்ளை பள்ளிக்கூடக் கணக்கைத் திறந்ததும் ஏன் நமக்கு மறந்துபோகிறது? ஒரு ஜுஸ்உவை மாமா மனனம் செய்துவிட்டால் பிள்ளை ஹாஃபிழ் ஆகிவிடுமா?

‘அது தீன், இது துன்யா’ என்று சொல்லிச் சிலர் தப்பிக்கப் பார்க்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் முதல் பகுதியிலேயே மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்திருக்கிறார்கள். சமுதாயத்தில் யாருமே அறியாமல் போனால் அனைவரும் பொறுப்பாளிகளாகும் கடமை அது. கணக்கை மறுப்பதன் மூலம் மார்க்கத்தைக் காப்பதாக நினைப்பவர் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறார் என்ற கருத்தையும் அவர்கள் வேறொரு நூலில் எழுதிவைத்தார்கள். கிஃபாயாவான கடமையைப் பார்த்தெழுதி நிறைவேற்றிவிட முடியுமா என்பதை ஃபிக்ஹு அறிந்தவர்கள் சொல்லட்டும்.

இன்னொரு கூட்டத்தார் நேர்மாறானவர்கள். மீலாது மேடைகளிலும் கல்வி மாநாடுகளிலும் இப்னுல் ஹைஸமின் பெயரைச் சொல்லாமல் அவர்களுக்குப் பேச்சே தொடங்காது. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அந்த மேதை ஒளியியலைப் பற்றி ஏழு பாகங்களில் நூல் செய்தார், உண்மைதான். வளைகோட்டைச் சுழற்றிக் கிடைக்கும் உருவத்தின் கொள்ளளவைக் காண எண்களின் நான்காம் அடுக்குகள் வரை கூட்டிக் காட்டினார். இன்றைய தொகை நுண்கணிதம் செய்யும் வேலையின் ஒரு பகுதி அது. அதுவும் உண்மை. ஆனால் அதே மனிதர் தாலமியின் நூல்களில் உள்ள முரண்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, ஐயங்கள் என்றே பெயரிட்டு ஒரு நூல் எழுதினார். எழுதப்பட்ட விடையை அப்படியே ஏற்காதவர் என்பதுதான் அவரது பெருமை. அவர் பெயரில் கைதட்டு வாங்கிவிட்டு வீட்டுக்குப் போய், மகளின் நோட்டில் இன்னொருவர் விடையை எழுதவைப்பதற்கு என்ன பெயர் சொல்வது? தாத்தாவின் வாளைச் சுவரில் மாட்டிவைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கவும் பக்கத்து வீட்டில் கத்தி கேட்பது போன்றது அது.

நேரமில்லை என்பவர்களின் வாதம் மட்டும் எனக்குக் கொஞ்சம் கனமாகப் படுகிறது. காலை ஏழு மணிக்குப் பேருந்து ஏறும் பிள்ளை மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்புகிறது. டியூஷன், ஓதல், சாப்பாடு எல்லாம் போக மீதி இருக்கும் நேரத்தில் பத்துக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை முயன்றால் ஃபஜ்ரு வந்துவிடும். உண்மை. அப்படியானால் மூன்று கணக்கை மட்டும் போடட்டும். மீதி ஏழில், எந்த வரி வரை தெரிந்ததோ அதுவரை எழுதி, ‘இதற்கு மேல் புரியவில்லை’ என்று பிள்ளையே எழுதட்டும். வாப்பா அதன் கீழே கையொப்பமிடட்டும்.

இப்படிச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பாதியில் நிற்கும் கணக்குக்கு வகுப்பில் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். பார்த்தெழுதிய கணக்குக்குச் சரி கிடைக்கும். நேர்மையான வெற்றிடத்தைத் தண்டித்து, அழகான மோசடிக்குப் பரிசு கொடுக்கும் ஆசிரியர்கள் இதில் நம்மைவிடப் பெரிய குற்றவாளிகள். அவர்களில் நம் சமுதாயத்து ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டார்கள். நோட்டில் ஈரம் மேலே தெரியட்டும். அதைப் பார்த்து அடிக்காத ஆசிரியர் வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் மதிப்பெண்ணை மட்டும் கேட்டுவிட்டு வராமல், இதையும் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

ரியாதில் இருக்கும் மாமாவுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. அவர் கெட்டவர் அல்லர். எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்து, சாப்பிடும் முன் அந்தத் தாளை எழுதுகிறார். அந்த நேரத்தை அப்படியே வேறுவிதமாகச் செலவிடட்டும். எழுதி அனுப்பாமல், பிள்ளையை அழைத்துப் பேசட்டும். கணக்கில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பிள்ளையின் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்ல வேண்டும். பாதிக் குழப்பம் அங்கேயே அவிழ்ந்துவிடும். படம் வரைந்தாயா, மேல்நோக்கியதைக் கூட்டலாக வைத்தாயா கீழ்நோக்கியதை வைத்தாயா என்று கேட்க வேண்டும். கல் கணக்குகளில் பிழையில் பெரும்பகுதி அந்தக் குறியில்தான் இருக்கிறது. எந்த வரியில் நின்றாய் என்று கேட்டு, அந்த வரிக்கு மட்டும் ஒரு சொல் கொடுக்க வேண்டும். விடை வந்ததும் அதன் அலகைக் கேட்க வேண்டும். மீட்டரில் வர வேண்டியது நொடியில் வந்திருந்தால் பிள்ளையே சிரித்துக்கொண்டு திருத்திவிடும். முடிந்த பின், எண்களை மாற்றி, 15 மீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் எறிந்தால் எப்போது விழும் என்று ஒன்றைக் கொடுத்துவிட்டு அழைப்பைத் துண்டிக்கலாம். 3 நொடி என்று பிள்ளையிடமிருந்து மறுநாள் செய்தி வந்தால் அந்த நன்மையில் ஐயமில்லை. வராவிட்டால் எங்கே தடுக்கிறது என்று தெரிந்துவிட்டது. செயலியை வைத்திருப்பவர்களும், தாமே போட்டு முடித்த விடையைச் சரிபார்க்க மட்டும் அதைத் திறக்கட்டும். அதுவும் சில வேளைகளில் துணிந்து தவறாகச் சொல்லும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு.

மாமா இல்லாத வீடுகளைப் பற்றி யார் பேசுவது? பையன்கள் மக்ரிபுக்குப் பின் ஏதாவது ஒரு சாரிடம் டியூஷனுக்குப் போய்விடுகிறார்கள். பெண் பிள்ளையை இருட்டிய பின் அனுப்ப மாட்டோம் என்கிறோம். ஆண் ஆசிரியரிடம் அனுப்ப மாட்டோம் என்கிறோம். பெண் ஆசிரியர் எங்கே என்று தேடவும் மாட்டோம். பிறகு அவளது கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, பார்த்து எழுதுகிறாள் என்று குறை சொல்கிறோம். நாம் எல்லாக் கதவையும் அடைத்துவிட்டுத் திறந்து வைத்த ஒரே கதவு அதுதான். நம் மஹல்லாக்களில் இயற்பியலிலும் கணிதத்திலும் பட்டம் பெற்று, திருமணத்துக்குப் பின் வீட்டோடு இருக்கும் சகோதரிகள் எத்தனை பேர் என்று ஜமாஅத் நிர்வாகிகளுக்குத் தெரியுமா? சந்தா பாக்கி எவ்வளவு என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

ஞாயிறு அஸருக்கு முன் ஒன்றரை மணி நேரம் மத்ரஸா கட்டடம் பூட்டித்தான் கிடக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு ஒரு கூடம், ஆண் பிள்ளைகளுக்கு ஒரு கூடம்; அங்கே அந்தச் சகோதரிகள், இங்கே ஓய்வுபெற்ற ஆசிரியரும் கல்லூரி மாணவர்களும். பாதியாவது முயன்ற நோட்டு இல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. உதவ வருபவரின் கையில் பேனா இருக்கக் கூடாது. எழுதுவது பிள்ளையின் கையாகவே இருக்க வேண்டும். முதல் வாரத்தில் நாலு பேர்தான் வருவார்கள். அதற்காக மூடிவிட வேண்டாம்.

இதற்கு ஆகும் செலவு ஒரு கரும்பலகையும் ஒரு பெட்டி சுண்ணக்கட்டியும். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தால் இரண்டாவது அலகு வர அதிக நாள் ஆகாது. அதற்குள் கூடத்தின் சாவி யாரிடம் இருக்கும் என்பதை நிர்வாகம் முடிவு செய்து, ஜும்ஆவுக்குப் பின் அறிவித்துவிடட்டும்.